தொட்டியின் அடியில் நீ பரப்பிய கறுப்பு

என் அன்பு மாப்பிள்ளை முருகேசா,

நாலு பேர் முன்னால் உன்னை நான் 'வாங்க, போங்க' என்றுதான் சொல்வேன். தங்கை புருஷனுக்கு அந்த மரியாதையைத் தராமல் இருக்க முடியுமா? நாம் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது அது 'வாடா மாப்ளே' ஆகிவிடும். இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் பலர் படிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தும் இரண்டாவது விதத்திலேயே எழுதுகிறேன். 'நீங்கள்' என்று எழுதிப் பார்த்தேன். யாரோ ஒருவருக்கு எழுதுவதுபோல் இருந்தது.

உன் மீன் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் அடியில் நீ பரப்பியிருந்த கறுப்புக் கல்லை எடுத்துவிட்டோம். மீன்கள் உள்ளே நீந்திக்கொண்டிருக்கும்போதே எடுத்தோம். உன்னைக் கேட்காமல் செய்ததற்கு உனக்குக் கோபம் வருமா, தெரியவில்லை. ஏன் செய்தோம் என்பதை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். படிப்பவர்களுக்கு உன்னைத் தெரியாது அல்லவா?

வேப்பம்பட்டில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வண்டி மாறிக் கும்மிடிப்பூண்டி போவாய். அங்கே ஒரு கம்பெனியின் திறந்த முற்றத்தில், பெரிய பெரிய இரும்புச் சட்டங்களுக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன் துருவை உரிக்கும் வேலை. காற்றின் அழுத்தத்தில் கறுப்பு மணலைக் குழாய் வழியாகப் பீய்ச்சி அடிக்க வேண்டும். செம்பு உருக்கிய பின் மிஞ்சும் கசடை உடைத்துச் செய்த மணல் அது. 'கிரிட்' என்பீர்கள். இரும்பில் பட்டதும் பொடிந்து தூசியாகிவிடும். படுவதற்கு முன்னால் பார்த்தால் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னும்.

அந்த மினுமினுப்பில்தான் நீ மயங்கினாய். சாப்பாட்டுப் பையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டு வந்தாய். சூப்பர்வைசரும் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். மொட்டை மாடியில் பக்கெட்டில் போட்டு, தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசினாய். பின்பக்கம் உயரமாகவும் முன்பக்கம் சரிவாகவும் உள்ளங்கையால் தள்ளித் தள்ளிப் பரப்பினாய். ஆற்றுக் கல் போட்டால் என்ன என்று நான் கேட்டேன்.

"மச்சான், நகைக்கடைல தங்கத்த வெள்ளத் துணி மேலயா வெக்கறான்? கறுப்பு வெல்வெட் மேலதான வெக்கறான்? இன்னா பத்திரிகைக்காரன் நீ, இது கூடத் தெர்ல."

நீ சொன்னது சரிதான். அந்தக் கறுப்பின் மேல் உன் தங்க மீன்கள் நீந்தியதைப் பார்த்த யாரும் சும்மா போனதில்லை. ஒரு வார்த்தையாவது சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

நீ கண்ணை மூடிய பிறகு அந்த வீட்டுக்கு நான் அடிக்கடி போகிறேன். திருநின்றவூரிலிருந்து அடுத்த ஸ்டேஷன்தானே. பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? முதல் முறை போனபோது ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்தேன். தங்கை மல்லிகா உள்ளே காபி கலந்துகொண்டிருந்தாள். நீ இருமினாய்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் அப்படியே எழுதுகிறேன். நீ இருமினாய். முதலில் தொண்டையில் ஒரு கரகரப்பு, சின்ன இடைவெளி, பிறகு அடியிலிருந்து கிளம்பி வரும் அந்த ஈர இருமல். கடைசி மாதங்களில் உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட அதே வரிசை. எழுந்து படுக்கையறையை எட்டிப் பார்த்துவிட்டேன். கட்டில் மேல் மடித்த துணிகள்தான் இருந்தன.

மல்லிகா காபியோடு வந்து என் முகத்தைப் பார்த்தாள். "கேட்டியாண்ணா?" என்றாள். பயந்தவள் குரல் இல்லை அது. வீட்டில் யாரோ தூங்கிக்கொண்டிருக்கும்போது பேசுகிற குரல்.

தொட்டியின் மோட்டார்தான் அது. தண்ணீர் ஆவியாகி ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கினால், மோட்டார் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும்போது அந்தச் சத்தம் வருகிறது. ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் நின்றுவிடும். மல்லிகாவுக்கு இது தெரியும். தெரிந்தேதான் ஊற்றாமல் இருந்தாள். மட்டம் இறங்கட்டும் என்று காத்திருப்பாள். சத்தம் வந்ததும் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து காய்கறி நறுக்குவாள், துணி மடிப்பாள். மோட்டார் சூடாகிக் கெட்டுவிடும் என்று தோன்றும்போதுதான் எழுந்து போய் ஊற்றுவாள்.

ஊற்றிய தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உன் உடம்புக்கு போர் தண்ணீர் வேண்டாம் என்று கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தாள் இல்லையா? உனக்கு ஒன்று, மற்றச் செலவுக்கு ஒன்று. நீ போன பிறகும் கேன்காரரிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பழைய கணக்குப்படியே இரண்டு கேன் வந்துகொண்டிருந்தது. உன்னுடையதைத் தொடாமல் எத்தனை நாள் வைத்திருப்பாள்? உன் மீன்களுக்கு ஊற்றினாள், பழைய தண்ணீரை இறைத்து மாற்றும்போதும் அதையே ஊற்றினாள்.

"அவரு குடிக்க வேண்டிய தண்ணி. அதுங்க குடிக்கட்டும்" என்றாள்.

முதலில் நத்தைகள் செத்தன. கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்தவை ஒவ்வொன்றாகக் கீழே விழுந்து ஓடுகளாகக் கிடந்தன. பிறகு சின்ன மீன்கள் போயின. மிஞ்சியவை உன் தங்க மீன்கள் இரண்டும், அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் அந்தச் சக்கர் மீனும். தங்க மீன்களில் பெரியது சாப்பிடுவதைக் குறைத்தது. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

நீ இருந்தபோது நன்றாக இருந்த தொட்டி. அதே கல், அதே மோட்டார், அதே தீனி. அப்படியானால் புதிதாக என்ன வந்தது? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுத்தான் வாழ்நாள் முழுக்கச் சம்பளம் வாங்கினேன். பதில் வாசலிலேயே நின்றது, உன் கேன்.

திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வண்ண மீன் கடை வைத்திருக்கும் சலீம் பாயிடம் போனேன். அவர் முதலில் இரண்டு கேள்வி கேட்டார்.

"நத்தை மொதல்ல போச்சா, மீன் மொதல்ல போச்சா?"

"நத்தை."

"கீழ இன்னா போட்டுக்கீறீங்க சார்?"

சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "செம்புக் கசடா? நல்லாப் போட்டாரு உங்க மாப்ள! செம்பு எறங்குச்சுன்னா நத்தைதான் மொதல்ல காலி. அப்புறம் மீனு செவுளு. மூச்சு வாங்க மேல மேல வருதா?"

"வருது."

அவர் விளக்கியது இது. நம் ஊர் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த கடினத் தண்ணீர். அதில் அந்தக் கசடு பெரிதாகக் கரையாது. கரைந்தாலும் சுண்ணாம்பு அதைப் பிடித்து வைத்திருக்கும். கேன் தண்ணீரில் ஒன்றும் கிடையாது, வெறும் தண்ணீர். அது கல்லிலிருந்து செம்பை இழுக்கும். சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்க்கவில்லை மாப்பிள்ளை, அதனால் 'அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்' என்று மட்டும் எழுதுகிறேன். நீ போட்ட கல்லும், அவள் ஊற்றிய உன் தண்ணீரும். இரண்டிலும் அன்பைத் தவிர வேறு எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து மல்லிகாவிடம் சொன்னேன். தண்ணீர் விஷயத்தை உடனே ஒப்புக்கொண்டாள். கல் என்றதும் எழுந்து தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"அது மேல கைய வெச்சீன்னா நான் உங்கூடப் பேச மாட்டேன், சொல்லிட்டேன். அவரு கையால தள்ளித் தள்ளிப் போட்டது. அந்த மேடு இன்னும் அப்டியே கீது பாரு."

"மீன் செத்துரும் மல்லி."

"கல்ல எடுத்தா அவரு போயிடுவாருண்ணா."

உன் மகள் பெங்களூரிலிருந்து போனில், "அம்மா, பேசாம மீனையே கடையில குடுத்துடு" என்றாளாம். அதற்கும் அவள் மறுத்துவிட்டாள். மீனும் வேண்டும், கல்லும் வேண்டும், இருமலும் வேண்டும். அவளிடம் வாதாடிப் பயன் இல்லை என்று நானும் விட்டுவிட்டேன். கேன் தண்ணீரை மட்டும் நிறுத்தினோம். போர் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல், தினம் ஒரு குவளையாகச் சேர்த்தோம்.

அது போதவில்லை. ஒரு மதியம் அவளே போன் செய்தாள். "அண்ணா, வா" என்றாள். போனேன். பெரிய மீன் தண்ணீரின் மேல்மட்டத்தில் சாய்ந்து மிதந்தது. செவுள் இரண்டும் விரிந்து விரிந்து மூடின. மூச்சு இழுக்கும்போது உடம்பு முழுக்க அசைந்தது. உன் கடைசி வாரத்தில் தலையணைகளை அடுக்கி உன்னை உட்கார வைத்திருந்தோமே, அப்போது உன் தோள்கள் அசைந்ததுபோல.

அவள் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கும் தெரிந்தது.

"இன்னொரு வாட்டி இதப் பாக்க என்னால ஆவாதுண்ணா" என்றாள். "எடுத்துடு."

சலீம் பாயை மறுபடி கேட்டேன். இப்போது அவர் கறாராகப் பேசினார். "ஒரே நாள்ல எல்லாக் கல்லையும் வாரிக் கொட்டுனீங்கன்னா, மறுநாள் மீனையும் வாரிக் கொட்டணும். அப்புறம் என்னாண்ட வந்து பேஜாரு பண்ணக் கூடாது." மீனின் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அந்தக் கல் மேல்தான் குடியிருக்கின்றனவாம். மொத்தமாக எடுத்தால் அந்தக் குடும்பமே போய்விடும். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், ஆனால் விஷமாகிவிடும். அதனால் மூன்று பாகமாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்குப் பிறகும் மீன் பழையபடி தின்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. மோட்டாரில் இருக்கும் அழுக்குப் பஞ்சிலும் அவை இருக்குமாம், அதனால் அதைக் குழாயடியில் கழுவவே கூடாது. தன் கடைத் தொட்டியில் ஊறிக்கிடந்த ஒரு பஞ்சையும் எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தார். "இதையும் உள்ள போடுங்க. குடித்தனம் மாத்தும்போது ரெண்டு பேரு முன்னாடியே போய் இருக்கறது நல்லது."

ஆற்றுக் கூழாங்கல் வாங்கி, நீ அலசிய அதே மாடியில் அலசினோம். மல்லிகாவே அலசினாள். தண்ணீர் தெளிந்த பிறகும் விடாமல் அலசினாள்.

முதல் பாகத்துக்கு வலது ஓரத்தை எடுத்துக்கொண்டோம். காய்கறி நறுக்கும் பிளாஸ்டிக் பலகையைச் சுவர்போல் கல்லுக்குள் இறக்கினேன், மீதிக் கல் சரியாமல் இருக்க. மோட்டாரை நிறுத்தினோம். அகலமான ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கல்லில் வைத்து, மறு முனையைக் கீழே பக்கெட்டில் விட்டேன். கல்லும் தண்ணீரும் சேர்ந்து சளசளவென்று இறங்கின. வாரி எடுத்தால் அடிச் சேறு கலங்கி மீன் மூச்சு முட்டும். குழாயில் இழுத்தால் சேறும் கல்லோடு போய்விடும். தங்க மீன்கள் இடது மூலையில் ஒதுங்கி எங்களையே பார்த்தன.

மேல் கல் போய் அடிக்கல் வந்தபோது ஒரு வாடை கிளம்பியது. அழுகிய முட்டை வாடை. காற்றே படாமல் இத்தனை வருஷம் அடியில் தேங்கியிருந்தது. மல்லிகா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆனால் நகரவில்லை. பக்கெட்டில் விழுந்த கல்லை இன்னொரு கையால் தொட்டாள்.

"இதுதானண்ணா அவருக்குள்ளயும் போயிருக்கும்?"

நான் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதை விட முடியாது, விட்டால் சேறு திரும்பிவிடும். பிடித்துக்கொண்டே, "இருக்கலாம் மல்லி" என்றேன். ஆஸ்பத்திரியில் உன்னிடம் பீடி, சிகரெட் பழக்கம் உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இல்லை, இல்லை என்றாய். என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டபோது, "பெயிண்ட் செக்ஷன் சார்" என்றாய். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

முதல் பாகம் முடிந்து சில நாள் மீன்கள் மிரண்டே இருந்தன. பிறகு தின்றன. இரண்டாவது பாகத்துக்குப் பிறகு பெரியது தீனியைத் தொடவில்லை. மல்லிகாவும் சாப்பிடவில்லை. தினமும் போனில் ஒரே வாக்கியம், "இன்னும் வாய வெக்கல." தோல் உரித்து நசுக்கிய வெந்த பட்டாணியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் சலீம் பாய். ஒரு காலையில் போன் வந்தது. எடுத்ததும் அழுகைச் சத்தம். "துன்னுடுச்சுண்ணா! பட்டாணிய துப்பித் துப்பித் துன்னுச்சு. உன் மாப்ள மாதிரியே, ஒவ்வொண்ணுத்துக்கும் நொட்ட சொல்லிக்கினு."

மூன்றாவது பாகம் நீ உயர்த்தி வைத்த மேடு. அதைக் குழாயால் எடுக்க அவள் விடவில்லை. கையை விட்டு, தண்ணீர் கலங்காமல், பிடி பிடியாக எடுத்துப் பாத்திரத்தில் வைத்தாள். நீ பரப்பிய திசைக்கு எதிர்த்திசையில் அவள் உள்ளங்கை போனது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். தண்ணீருக்குள் கை பெரிதாகத் தெரியும் இல்லையா? ஒரு கணம் அது அவள் கைபோல் இல்லை.

எடுத்து முடித்ததும் தண்ணீர் மட்டம் நன்றாக இறங்கியிருந்தது. மோட்டாரைப் போட்டதும் நீ இருமினாய். அவள் பக்கெட்டைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு மெதுவாக, விளிம்பு வரை ஊற்றினாள். சத்தம் நின்றது. "படுத்துக்கய்யா" என்றாள், தொட்டியைப் பார்த்து. அன்று முதல் மட்டம் இறங்க அவள் விடுவதில்லை.

இனி அந்தக் கல்லை என்ன செய்வது? மாடியில் தார்ப்பாய் விரித்துக் காய வைத்திருந்தோம். காய்ந்ததும் பாதிக் கல் மறுபடி மின்னியது. ஏரியில் கொட்டக் கூடாது, கால்வாயிலும் கூடாது. பக்கத்து மனையில் வீடு கட்டுகிறவர், "பள்ளத்துக்குப் போட்டுக்கறேன், குடுங்கம்மா" என்றார். மல்லிகா தரவில்லை. "எங்கேர்ந்து வந்துச்சோ அங்கயே போவட்டும்" என்றாள்.

அவள் சொன்னதன் அர்த்தம் எனக்கு ரயில் ஏறிய பிறகுதான் முழுதாகப் புரிந்தது. ஆளுக்கு ஒரு பை. கனம் தோளை அறுத்தது. நீ போன வழியிலேயே போனோம். வேப்பம்பட்டில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வண்டி மாறி. மல்லிகா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் படித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

கம்பெனி கேட்டில் ஒரு செக்யூரிட்டி. நடுவயது, இந்தப் பக்கத்து ஆள்.

"இன்னாம்மா மூட்ட?"

"உங்க கம்பெனி சரக்கு. எங்க ஊட்டுக்காரரு எடுத்துகினு வந்தது. திருப்பிக் குடுக்க வந்தேன்."

அவர் பையைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். "கிரிட்டு... இதப் போயி யாராவது திருப்பிக் குடுப்பாங்களா? கேட் பாஸ் இல்லாம உள்ள வெக்க முடியாதும்மா."

"வெளிய வந்தப்போ பாஸு கேக்கல. உள்ள போறதுக்கு மட்டும் கேக்கறீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். பெயர் கேட்டார். உன் பெயரைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "முருகேசண்ணன் ஊட்டம்மாவா?" என்றார். பைகளை அவரே வாங்கி, உள்ளே சுவரோரம் இருந்த கறுப்புக் குவியலில் கவிழ்த்தார். எது நீ கொண்டு வந்தது, எது அங்கே இருந்தது என்று பிரிக்க முடியவில்லை.

கேட் திறந்தே இருந்தது. முற்றம் தெரிந்தது. கறுப்புப் புழுதிக்குள் ஆட்கள். தலையிலிருந்து தோள் வரை மூடிய முகமூடி, முன்னால் ஒரு சின்னக் கண்ணாடி, கையில் குழாய். ஒரே உயரம், ஒரே குனிவு. உன்னைத் தேடினேன் மாப்பிள்ளை. தேடக் கூடாது என்று தெரிந்தும் தேடினேன். மல்லிகாவும் தேடினாள்.

"யாரு யாருன்னு எப்டித் தெரியும்?" என்று செக்யூரிட்டியைக் கேட்டாள்.

"தெரியாதும்மா. கூப்ட்டாலும் காதுல உழாது, இந்தச் சத்தத்துல. கிட்டப் போயி தோளத் தட்டணும். தட்டுனாதான் கழட்டுவாங்க."

அப்போது புழுதிக்குள் இருந்த ஒரு ஆள் வேலையை நிறுத்தி எங்கள் பக்கம் திரும்பினார். புடவை கட்டிய ஒருத்தி கேட்டில் நிற்பது விசித்திரமாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உறை போட்ட கையை உயர்த்தினார். மல்லிகாவும் கையை உயர்த்தினாள். அவர் திரும்பி மறுபடி இரும்பின் மேல் குனிந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகம் எங்களுக்குத் தெரியவே இல்லை. திரும்பி வரும் வண்டியில் அவள் கேட்டது ஒன்றுதான். "அந்தாளுக்கு வயசு இன்னாண்ணா இருக்கும்?"

தங்க மீன்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. கூழாங்கல் மேல் அவ்வளவாக மின்னவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். சக்கர் மீன் புதுக் கல்லை வாயால் தூக்கித் தூக்கிப் போட்டுத் தனக்கு ஒரு இடம் செய்துகொண்டிருக்கிறது. கேன்காரரிடம் மல்லிகா சொல்லிவிட்டாள். இப்போது ஒரு கேன்தான் வருகிறது.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அதனால் ஒரு வார்த்தை தருகிறேன். அந்தக் கேட்டுக்கு நான் மறுபடி போவேன். ஷிப்ட் முடிகிற நேரத்தில் போய் நிற்பேன். வெளியே வருகிற ஒவ்வொருவர் தோளையும் தட்டி, பெயர் என்ன, எத்தனை வருஷமாக இந்த வேலை, மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். அவர்கள் சொல்வதை அவர்கள் பெயரோடு எழுதுவேன். எங்களுக்குக் கையைக் காட்டிய அந்த ஆளைக் கண்டுபிடிக்கும் வரை விடமாட்டேன்.

திருநின்றவூரிலிருந்து,
உன் மல்லிகாவுக்கு அண்ணன்,
உனக்கு என்றும் மச்சான்.